சாக்ரமெண்டோவில் ஒரு மசோதாவுக்காகப் பேசப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் தண்டனைக் காலம், ஜாமீன், சிறை, நஷ்டஈட்டு வழக்கு, குடும்ப நீதிமன்றம் ஆகியவை பற்றிய எந்தச் சட்டம் மாறினாலும், அது நான்கு கமிட்டிகளில் குறைந்தது இரண்டைத் தாண்டித்தான் வரும். மாநிலச் சட்டமன்றத்தின் இரு சபைகளில் ஒன்றான அசெம்பிளியில் பப்ளிக் சேஃப்டி, ஜுடிஷியரி என்று இரண்டு. மற்றொரு சபையான செனட்டிலும் அதே பெயர்களில் இரண்டு. இந்தக் கமிட்டிகளின் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பேசலாம். குடியுரிமை கேட்பதில்லை. எச்1பி விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவரும் மைக் முன்னால் நிற்கலாம். சம்பளம் வாங்காமல் தன் கருத்தைச் சொல்பவர், லாபியிஸ்டாக, அதாவது பணம் பெற்று ஆதரவு திரட்டுபவராக, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை.

ஆனால் முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் உழைப்பைப் போடுகிறார்கள். உரை எழுதி, மனப்பாடம் செய்து, அதிகாலையில் வண்டியேறிப் போய், மைக்கில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். கமிட்டி உறுப்பினர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்பது அதற்கு ஒரு வாரம் முன்பே ஏறக்குறைய முடிவாகியிருக்கும். அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில், எந்தக் கமிட்டி

குற்றம், தண்டனை, காவல்துறை, சிறை, பரோல் என்றால் பப்ளிக் சேஃப்டி. ஒருவர் இன்னொருவர் மீது தொடுக்கும் வழக்கு, வாடகைதாரர் வெளியேற்றம், விவாகரத்து, பாகுபாட்டுத் தடை, நீதிமன்ற நடைமுறை என்றால் ஜுடிஷியரி. சில மசோதாக்கள் இரண்டுக்கும் அனுப்பப்படும். உதாரணமாக, ஒரு குற்றத்துக்குத் தண்டனையை மாற்றி, கூடவே பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடும் உரிமையையும் தரும் மசோதா முதலில் பப்ளிக் சேஃப்டிக்கும் பிறகு ஜுடிஷியரிக்கும் போகும். ஒன்றில் தோற்றால் இன்னொன்றின் வாசலைக்கூடப் பார்க்காது.

அசெம்பிளியில் தொடங்குவது ஏபி, செனட்டில் தொடங்குவது எஸ்பி. ஒரு சபையில் கமிட்டிகளையும் பொது வாக்கெடுப்பையும் தாண்டிய பிறகு, மறு சபையில் அதே வரிசை மீண்டும் நடக்கும். ஆகவே ஒரு மசோதாவைப் பற்றிப் பேச உங்களுக்குக் குறைந்தது இரண்டு வாய்ப்புகள் உண்டு. முதலாவதில் தவறவிட்டவர்கள் இரண்டாவதில் பிடித்துக்கொள்ளலாம்.

மசோதாவைப் படிக்கும் முறை

லெக்இன்ஃபோ என்ற அரசு இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் மசோதா முழுவதும் வரும். புதிதாகச் சேர்ப்பவை சாய்ந்த எழுத்திலும் நீக்குபவை குறுக்குக் கோட்டோடும் இருக்கும். மசோதாவின் மேலேயே, சட்டமன்ற வழக்கறிஞர் அலுவலகம் எழுதிய சுருக்கம் ஒன்று உண்டு. இப்போதைய சட்டம் என்ன, இந்த மசோதா என்ன செய்யும் என்று மாற்றி மாற்றிச் சொல்லும். அதைப் படித்துவிட்டு நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. 'இன்றைய சட்டம், திருத்தப்பட்டபடி' என்ற தாவலைத் திறந்து, மாற்றம் எந்த வாக்கியத்துக்குள் விழுகிறது என்று பாருங்கள். ஒரு 'மற்றும்', ஒரு 'அல்லது' சட்டத்தின் பொருளைத் தலைகீழாக்கிவிடும்.

சுருக்கத்தின் கடைசி வரியைப் பலர் கவனிப்பதே இல்லை. அங்கே நான்கு விவரங்கள் இருக்கும்: எவ்வளவு பெரும்பான்மை வாக்கு தேவை, பண ஒதுக்கீடு உண்டா, நிதிக் கமிட்டிக்குப் போக வேண்டுமா, உள்ளாட்சிக்குச் செலவு வருமா. வாக்கு என்ற இடத்தில் மூன்றில் இரண்டு என்று இருந்தால், அசெம்பிளியின் 80 பேரில் 54, செனட்டின் 40 பேரில் 27 தேவை. சாதாரண மசோதாவுக்கு 41, 21 போதும்.

இந்த மூன்றில் இரண்டு எங்கிருந்து வருகிறது என்பது குற்றவியல் மசோதாக்களில் முக்கியம். கலிபோர்னியாவின் தண்டனைச் சட்டத்தில் கணிசமான பகுதி மக்கள் நேரடியாக வாக்களித்து இயற்றியது. 2014இல் 47ஆம் முன்மொழிவு சில திருட்டு, போதைப்பொருள் குற்றங்களின் தண்டனையைக் குறைத்தது. 2024இல் 36ஆம் முன்மொழிவு அதில் ஒரு பகுதியைத் திரும்பவும் கடுமையாக்கியது. மக்கள் இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் தன் விருப்பப்படி மாற்ற முடியாது. அந்த முன்மொழிவே எழுதிவைத்த நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும். இதைவிட நுணுக்கமானது 1982இன் 8ஆம் முன்மொழிவு. அதன்படி, குற்ற வழக்கில் தொடர்புடைய சாட்சியத்தை விலக்கும் எந்தப் புதுச் சட்டத்துக்கும் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும். சின்னத் திருத்தம் போலத் தோன்றும் ஒரு சாட்சிய மசோதா ஏன் 54 வாக்கு தேடி அலைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

படிக்கும்போது வேறு சிலவற்றையும் தேட வேண்டும்.

குற்றம் ஃபெலனி என்ற பெருங்குற்றமா, மிஸ்டிமீனர் என்ற சிறுகுற்றமா, அரசு வழக்கறிஞர் இரண்டில் ஒன்றாகத் தொடுக்கக்கூடிய வாப்ளரா? ஃபெலனி என்று மட்டும் எழுதித் தண்டனை எழுதாவிட்டால், 16 மாதம், 2 ஆண்டு, 3 ஆண்டு என்ற மூன்றில் ஒன்று தானாகப் பொருந்தும். தண்டனை மாநிலச் சிறையிலா, கவுண்டி சிறையிலா? 2011 சிறைச் சீரமைப்புச் சட்டத்துக்குப் பின் பல ஃபெலனிகளுக்குக் கவுண்டி சிறைதான். செலவுக் கணக்கு இதைப் பொறுத்தே மாறும் என்பதால் பின்னால் வரும் நிதிக் கமிட்டியில் இது உயிர்நாடி.

குடியேறிகளுக்கு நாள் கணக்கு முக்கியம். மிஸ்டிமீனருக்கு உச்சத் தண்டனை முன்பு ஓர் ஆண்டாக இருந்தது. 2014இல் நிறைவேறிய எஸ்பி 1310 அதை 364 நாட்களாக்கியது. குறைக்கப்பட்டது ஒரே ஒரு நாள். ஆனால் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு 'ஓராண்டு' என்ற எல்லைதான் நாடு கடத்தலுக்கு வழி திறக்கிறது. அந்த ஒரு நாளால் தப்பிய குடும்பங்கள் உண்டு. ஆகவே ஒரு மசோதா புதிய குற்றத்தை உருவாக்கினால், அமெரிக்கக் குடிமகனுக்கு என்ன ஆகும் என்பதோடு நிற்காமல், விசாவில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்றும் கேளுங்கள். கமிட்டியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் குறைவு. நம்மவர்கள் கடிதம் எழுதினால் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் சேர்க்கக்கூடிய இடம் இது.

அடுத்தது, பழைய வழக்குகளுக்குப் பொருந்துமா என்பது. தண்டனைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெளிப்படையாகச் சொன்னாலொழிய எதுவும் முன்தேதியிட்டுச் செல்லாது என்கிறது. அசெம்பிளி உறுப்பினர் ஆஷ் கல்ரா கொண்டுவந்த, வழக்கிலும் தண்டனையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் இனநீதிச் சட்டம், ஏபி 2542, 2020இல் நிறைவேறியபோது 2021 ஜனவரி 1க்குப் பின் வரும் தீர்ப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஏற்கெனவே சிறையில் இருந்தவர்களுக்கு அதை நீட்டிக்க 2022இல் ஏபி 256 என்று தனியாக இன்னொரு மசோதா தேவைப்பட்டது. உறவினர் உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வாக்கியம்தான் எல்லாம்.

உரிமையியல் மசோதா என்றால், தனிநபர் தானே வழக்குப் போடலாமா, தோற்ற தரப்பு வழக்கறிஞர் கட்டணம் தர வேண்டுமா, காலக்கெடு எத்தனை ஆண்டு, நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். ஜுடிஷியரியில் கடுமையான சண்டை முதல் கேள்வியில்தான் நடக்கும். உச்சவரம்புக்கு நல்ல உதாரணம் மருத்துவத் தவறு வழக்குகள். வலி, வேதனைக்கான இழப்பீடு 1975 முதல் 2,50,000 டாலரிலேயே நின்றிருந்தது. 2022இல் ஏபி 35 அதை மரணம் அல்லாத வழக்குக்கு 3,50,000, மரண வழக்குக்கு 5,00,000 என்று உயர்த்தி, பத்தாண்டுகளில் 7,50,000, பத்து லட்சம் என்று ஏற வழி செய்தது. அதே பொருளில் வாக்குச்சீட்டுக்கு வரவிருந்த ஒரு முன்மொழிவின் அழுத்தத்தில்தான் வழக்கறிஞர் தரப்பும் மருத்துவர் தரப்பும் உட்கார்ந்து பேசி இதை முடித்தன. கமிட்டிக்கு வரும்போது பேரம் முடிந்திருந்தது. இப்படிப்பட்ட மசோதாவில் ஒரு சொல்லைக்கூட மாற்றுவது கடினம் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

சில மசோதாக்களில் எதுவுமே இருக்காது. இடம் பிடித்துவைப்பதற்காகப் பெயரளவுக்கு ஒரு சொல்லை மாற்றிப் போட்டிருப்பார்கள். ஸ்பாட் பில் என்பார்கள். உள்ளடக்கம் பிறகு வரும். அதற்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். ஆனால் திருத்தம் வந்தால் மின்னஞ்சல் வரும்படி அந்த இணையதளத்தில் பதிவு செய்து வையுங்கள்.

காலக்கணக்கு

கூட்டத்தொடர் இரண்டாண்டுக்கு ஒன்று, இரட்டைப்படை ஆண்டின் டிசம்பரில் முறைப்படி கூடி, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் வேலையைத் தொடங்கும். புதிய மசோதா அறிமுகம் பிப்ரவரியோடு முடியும். அறிமுகமான பின் 30 நாள் கழியாமல் கமிட்டி அதைத் தொட முடியாது. ஆகவே மார்ச் இறுதியும் ஏப்ரலும்தான் நெரிசல். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்துக்குள் முதல் சபையைக் கடக்க வேண்டும். ஜூன், ஜூலை முதல் பாதி மறு சபைக் கமிட்டிகள். பிறகு ஒரு மாத விடுமுறை. ஆகஸ்டில் நிதிக் கமிட்டி. இரட்டைப்படை ஆண்டில் ஆகஸ்ட் 31உடனும், ஒற்றைப்படை ஆண்டில் செப்டம்பர் நடுவிலும் அமர்வு முடியும்.

முதல் கமிட்டிக் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னறிவிப்பு, அடுத்த கமிட்டிக்கு இரண்டு நாள் என்பது விதி. நான்கு நாளில் கடிதம் எழுதி, விடுப்புச் சொல்லி, பயணம் ஏற்பாடு செய்வது கஷ்டம். அதனால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்து எந்த வாரம் வைக்க நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த உறுப்பினரை அங்கே ஆத்தர் என்பார்கள். அவர் பணியாளர்கள் சொல்வார்கள். தேதி தள்ளிப்போவது சகஜம். ஆனால் ஆத்தர் கேட்டு மூன்று முறை தேதி வைத்தும் எடுக்கப்படாத மசோதா அதோடு முடிந்தது. இரண்டு முறை தள்ளிப்போயிருந்தால், உள்ளே ஏதோ சிக்கல் என்று புரிந்துகொள்ளலாம்.

கடிதம்

கமிட்டியில் கன்சல்டன்ட் என்று ஒரு பணியாளர் இருப்பார். பெரும்பாலும் வழக்கறிஞர். ஒவ்வொரு மசோதாவுக்கும் அவர் ஓர் அனாலிசிஸ் எழுதுவார். இப்போதைய சட்டம், மசோதாவின் விளைவு, சட்டச் சிக்கல், ஆதரவாளர், எதிர்ப்பாளர் பட்டியல், இரு தரப்பு வாதத்திலிருந்து சில வரிகள், எல்லாம் அதில் இருக்கும். ஒரே நாளில் முப்பது மசோதா பார்க்க வேண்டிய உறுப்பினர் படிப்பது பெரும்பாலும் இதைத்தான். உங்கள் வாதம் அனாலிசிஸுக்குள் போய்விட்டால், நீங்கள் அறையில் இல்லாவிட்டாலும் அது உறுப்பினர் மேசையில் இருக்கும்.

அதற்குக் கடிதம் கன்சல்டன்ட் எழுதி முடிப்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கெடு கமிட்டிக்குக் கமிட்டி மாறும். பொதுவாகக் கூட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு. கமிட்டியின் பக்கத்தில் நாளும் மணியும் இருக்கும். கெடு தாண்டி வந்த கடிதம் கோப்பில் சேரும், பட்டியலில் சேராது.

அனுப்பும் வழி சட்டமன்றத்தின் நிலைப்பாட்டுக் கடித இணையதளம். ஒரு முறை கணக்குத் தொடங்கி, மசோதா எண், கமிட்டி, நிலைப்பாடு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கடிதத்தைப் பிடிஎஃபாக ஏற்ற வேண்டும். கமிட்டிக்கும் ஆத்தர் அலுவலகத்துக்கும் அதுவே சேர்த்துவிடும்.

கடிதம் ஒரு பக்கம். இரண்டு பக்கத்தைத் தாண்டவே கூடாது. கமிட்டித் தலைவரை விளித்து, மேலேயே மசோதா எண், ஆத்தர் பெயர், எந்தத் தேதித் திருத்தத்தைப் படித்து எழுதுகிறீர்கள் என்பது, நிலைப்பாடு. நிலைப்பாடு தெளிவாக இருக்க வேண்டும்: ஆதரவு, எதிர்ப்பு, திருத்தினால் ஆதரவு, திருத்தாவிட்டால் எதிர்ப்பு. கடைசி இரண்டுக்கும் எடை அதிகம், ஏனென்றால் ஆத்தர் உங்களோடு பேச வேண்டிய கட்டாயம் வருகிறது. ஆனால் அப்படி எழுதினால், என்ன திருத்தம் வேண்டும் என்று பிரிவு எண், வரி எண்ணோடு சொல்ல வேண்டும். 'இன்னும் மனிதாபிமானத்தோடு இருக்க வேண்டும்' என்று எழுதினால் கன்சல்டன்டால் ஒன்றும் செய்ய முடியாது. 'இந்தப் பிரிவில் ஓராண்டு என்பதை 364 நாள் என்று மாற்ற வேண்டும்' என்றால் முடியும்.

முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த ஊர், உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று இரண்டு வரி. இரண்டாவதில் இந்தச் சட்டம் நடைமுறையில் எங்கே வலிக்கிறது. ஒரே ஒரு நிகழ்வு போதும், உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதில் கோரிக்கை. அமைப்பு வழங்கிய மாதிரிக் கடிதத்தை அப்படியே இருநூறு பேர் ஏற்றினால் அது ஒரே கடிதமாகத்தான் படிக்கப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடிதம் பொது ஆவணம். உங்கள் விசா நிலை, நடந்துகொண்டிருக்கும் வழக்கின் எண், குழந்தைகளின் பெயர் எதையும் எழுதாதீர்கள். உங்கள் மீதோ குடும்பத்தினர் மீதோ வழக்கு நிலுவையில் இருந்தால், கடிதத்துக்கும் மைக்குக்கும் முன்பாக வழக்கறிஞரிடம் கேளுங்கள். கமிட்டியில் சொல்வது படமாகிறது. 2016இன் 54ஆம் முன்மொழிவுப்படி அந்தப் பதிவு 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏறும். அரசு வழக்கறிஞரும் அதைப் பார்க்கலாம். மேலும், நடக்கும் வழக்கில் எந்த உறுப்பினராலும் உங்களுக்கு உதவ முடியாது. தண்டனையிலிருந்து மன்னிப்புக் கோரும் இடமும் இது கிடையாது.

தமிழ் மன்றம் போன்ற வரிவிலக்குப் பெற்ற அமைப்பு கடிதம் எழுதலாமா என்ற தயக்கம் அடிக்கடி வரும். அத்தகைய அமைப்பு மசோதாவுக்காக அளவோடு குரல் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. தேர்தல் வேட்பாளரை ஆதரிப்பதுதான் தடை. அமைப்பின் பெயரில் எழுதினால் அதன் கடிதத்தாளில், நிர்வாகக் குழு ஒப்புதலோடு எழுதுங்கள். அமைப்புகள் பெயரோடும் தனிநபர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கையாகவும் பட்டியலில் வருவதால், ஒரு மன்றத்தின் கடிதம் தனித்துத் தெரியும்.

மசோதா திருத்தப்பட்டால் பழைய கடிதம் செல்லாமல் போகலாம். புதிய வடிவத்தைப் படித்து, தேதியை மாற்றி மீண்டும் ஏற்றுங்கள். மறு சபைக்குப் போகும்போதும் அப்படியே. இதைச் செய்யாததால்தான் செனட்டில் நீண்டிருந்த ஆதரவுப் பட்டியல் அசெம்பிளியில் பாதியாகிறது.

அனாலிசிஸ் வந்த பிறகு

கூட்டத்துக்கு ஒரு நாள் முன்பாவது அது லெக்இன்ஃபோவில் வந்துவிடும். எதிர்ப்பாளர் பட்டியலை முதலில் பாருங்கள். பப்ளிக் சேஃப்டியில் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் சங்கம், ஷெரீஃப்கள் சங்கம் ஒரு பக்கமும், வசதியற்றவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர்கள் சங்கம், ஏசிஎல்யு எனும் குடியுரிமை அமைப்பு மறுபக்கமும் நிற்பது வழக்கம். ஜுடிஷியரியில் நுகர்வோர் வழக்கறிஞர்கள் சங்கம் ஒரு பக்கம், வணிகர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் மறுபக்கம். வழக்கமாக எதிரெதிரே நிற்பவர்கள் ஒரே பட்டியலில் இருந்தால் மசோதா பெரும்பாலும் கமிட்டியைத் தாண்டிவிடும். எதிர்ப்பே இல்லாதவை விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேறும் கன்சென்ட் பட்டியலுக்குப் போகும். அப்படிப் போனால் நீங்கள் சாக்ரமெண்டோ போகவே வேண்டாம்.

கமிட்டி கேட்கும் திருத்தங்களும் அனாலிசிஸில் அச்சாகியிருக்கும். ஆத்தர் ஏற்றுக்கொண்டாரா என்று அவர் அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் ஆதரித்த வாசகமே வெளியேறியிருக்கலாம்.

உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் கமிட்டியில் இருந்தால், அவர் அலுவலகத்தில் இந்த மசோதாவைப் பார்க்கும் பணியாளரோடு பதினைந்து நிமிடச் சந்திப்புக் கேளுங்கள். இல்லாவிட்டால், கமிட்டி உறுப்பினர் தொகுதியில் வசிக்கும் நண்பரைத் தேடுங்கள். உறுப்பினர் நேரில் வராமல் பணியாளர் மட்டும் வந்தால் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. வாக்குப் பரிந்துரைக் குறிப்பை எழுதுவது அவர்தான்.

கூட்டத்து நாள்

இந்த நான்கு கமிட்டிகளும் வழக்கமாகக் கூடுவது செவ்வாய்க்கிழமை. கூட்டம் கேபிட்டல் கட்டடத்தில் இருக்கலாம், அருகில் உள்ள 1021 ஓ ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருக்கலாம். அறை எண்ணை முந்தைய இரவு மறுபடி பாருங்கள். சான் ஹோசேயிலிருந்து கேபிட்டல் காரிடர் ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். காரில் வந்தால் எண்பதாம் நெடுஞ்சாலை நெரிசலுக்கும், வாகனம் நிறுத்தவும், பாதுகாப்புச் சோதனைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பதாகை, கைதட்டல் உள்ளே கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் இருந்த தொலைபேசிச் சாட்சிய வசதியை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். நேரில் வருவதுதான் இப்போதைய வழக்கம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் கமிட்டிச் செயலருக்கு முன்கூட்டியே எழுதுங்கள், காலையில் வந்து கேட்டால் கிடைக்காது.

உங்கள் மசோதா எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசை, ஆத்தர்கள் வந்து சேர்வதைப் பொறுத்து மாறும். முழு நாளையும் ஒதுக்கிக்கொண்டு, சாப்பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். போதிய உறுப்பினர்கள் இல்லாவிட்டால் துணைக்குழுவாகக் கூட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். பேச்சு நடக்கும், வாக்கு மட்டும் பிறகு. காலியான நாற்காலிகளைப் பார்த்து மனம் தளராதீர்கள். உறுப்பினர்கள் வேறு கமிட்டிகளில் தங்கள் மசோதாக்களை முன்வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆத்தர் முதலில் பேசுவார். பிறகு ஆதரவுத் தரப்பில் முதன்மைச் சாட்சிகள் இருவர், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இருவரையும் தேர்ந்தெடுப்பது ஆத்தர். நீங்கள் அந்த இடத்தில் இருக்க விரும்பினால் மூன்று, நான்கு வாரம் முன்பே கேட்க வேண்டும். அடுத்து, ஆதரவாளர் அனைவரும் மைக்குக்கு வரலாம், ஆனால் பெயர், ஊர் அல்லது அமைப்பு, நிலைப்பாடு மட்டும். 'மை நேம் இஸ் கவிதா, ஃப்ரம் ஃப்ரீமாண்ட், இன் சப்போர்ட்.' அவ்வளவுதான். ஏன் என்று தொடங்கினால் தலைவர் நிறுத்திவிடுவார். அது அவமதிப்பில்லை, எல்லோருக்கும் அதே விதி. பிறகு எதிர்த்தரப்புக்கு இதே வரிசை.

முதன்மைச் சாட்சியாக இருந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஆங்கிலத்தில் 250 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். உறுப்பினர்களின் கேள்விதான் உண்மையான வாய்ப்பு, அதற்கு நேரக் கட்டுப்பாடு தளர்வு. உங்களுக்கு வரக்கூடிய மிகக் கடினமான கேள்வியை அனாலிசிஸின் கருத்துப் பகுதியே காட்டிக்கொடுக்கும். விடை தெரியாவிட்டால், எழுத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லி, அன்றே அனுப்பிவிடுங்கள்.

வாக்கும் மௌனமும்

மசோதா கமிட்டியைத் தாண்ட, வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது. கமிட்டியின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். எட்டுப் பேர் கொண்ட கமிட்டியில் ஐந்து. ஆகவே வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் விளைவில் ஒன்றே.

இதற்கு 2023இன் எஸ்பி 14ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை. சிறார்களைப் பாலியல் தொழிலுக்குக் கடத்துவதைக் கடும் ஃபெலனிப் பட்டியலில் சேர்த்து, மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவருக்குத் தண்டனையைக் கூட்டும் மூன்று முறை விதிக்குள் கொண்டுவந்த மசோதா அது. குடியரசுக் கட்சியின் செனட்டர் ஷானன் குரோவ் கொண்டுவந்தார். செனட்டில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஜூலை 11 அன்று அசெம்பிளி பப்ளிக் சேஃப்டியில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்ததால் விழுந்தது. எழுந்த எதிர்ப்பில், ஆளுநரும் தலையிட, ஜூலை 13 அன்று கமிட்டி மீண்டும் கூடி அதை அனுப்பியது. செப்டம்பரில் சட்டமானது. நீண்ட தண்டனை குற்றத்தைக் குறைப்பதில்லை, கடத்தப்பட்டவர்களே குற்றவாளிகளாகச் சிக்குவார்கள் என்று எதிர்த்தவர்கள் சொன்ன வாதமும் கவனத்துக்குரியது, அனாலிசிஸில் அது இருந்தது. நடைமுறைப் பாடம் இது: தோற்ற அன்று மறுபரிசீலனைக்கு அனுமதி கேட்டு வாங்கியிருந்தால் கதவு திறந்திருக்கும். முடிவை அறிவிக்கும்போது அந்தச் சொல் வருகிறதா என்று காது கொடுங்கள்.

ஆன் கால் என்று தலைவர் சொன்னால் வாக்கு இன்னும் முடியவில்லை. வராத உறுப்பினர்களுக்காகப் பட்டியல் திறந்திருக்கிறது. மதியத்துக்கு மேல், ஏன் மாலையிலும் எண்ணிக்கை மாறும். இறுதி முடிவை மறுநாள் லெக்இன்ஃபோவின் வாக்குப் பகுதியில் பாருங்கள். யார் வாக்களிக்கவில்லை என்றும் பெயரோடு இருக்கும். அடுத்த போன் அவர்களுக்கு.

சஸ்பென்ஸ் ஃபைல்

கொள்கைக் கமிட்டியில் வென்ற மசோதாக்களில் பல அப்ரோப்ரியேஷன்ஸ் எனும் நிதிக் கமிட்டியில் சத்தமின்றி நிற்கும். அசெம்பிளியில் 1,50,000 டாலருக்கு மேல் செலவு என்றால், முடிவை நிறுத்திவைக்கும் சஸ்பென்ஸ் ஃபைலில் வைப்பார்கள். செனட்டில் பொது நிதியிலிருந்து 50,000 தாண்டினாலே போதும். மே மாதத்திலும் ஆகஸ்டிலும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவற்றின் முடிவைச் சரசரவென்று வாசிப்பார்கள். அன்று யாரும் பேச முடியாது.

இங்கே வாதம் பணத்தைப் பற்றியது மட்டுமே. தண்டனையைக் கூட்டும் மசோதா மாநிலச் சிறைச் செலவைக் கூட்டும். 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலிபோர்னியச் சிறைகளின் கூட்டத்தை வடிவமைப்பு அளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வரம்பை மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். பழைய வழக்குகளைத் திறக்கும் மசோதா நீதிமன்ற நேரச் செலவில் மாட்டும். நீதியைப் பற்றிய உங்கள் பழைய கடிதத்தை இங்கே அனுப்பாமல், செலவு மதிப்பீட்டில் விடுபட்ட சேமிப்பைக் காட்டும் அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள்.

முதல் ஆண்டில் நின்றுபோன மசோதா இரண்டாண்டு மசோதாவாகத் தங்கலாம். அடுத்த ஆண்டு ஜனவரி 31க்குள் தன் சபையைக் கடந்தால் உயிர் பிழைக்கும்.

ஆளுநர் மேசை

சட்டமன்றம் நிறைவேற்றியதோடு வேலை முடிவதில்லை என்பதைத் தெற்காசியச் சமூகம் எஸ்பி 403இல் கண்டது. செனட்டர் ஆயிஷா வஹாப் 2023இல் கொண்டுவந்த, சாதியை அடிப்படையாகக் கொண்ட பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா. இரு சபைகளின் ஜுடிஷியரி கமிட்டிகளிலும் ஆதரவும் எதிர்ப்புமாக மைக் வரிசை நீண்டது. முதலில் சாதியைத் தனி வகையாக வைத்திருந்த வாசகம், அசெம்பிளியில் வம்சாவளி என்பதன் கீழ் கொண்டுவரப்பட்டது. மே மாதம் செனட்டில் 34-1, ஆகஸ்டில் அசெம்பிளியில் 50-3. அக்டோபர் 7 அன்று, இருக்கும் சட்டங்களே போதும் என்று காரணம் சொல்லி ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். சாதியால் அடிபட்டவர்கள் தங்கள் வாழ்க்கையை மைக் முன்னால் வைத்த பிறகு இப்படி முடிந்தது வேதனையானது. ஆனால் அந்தக் கமிட்டிகளின் அனாலிசிஸும் பதிவுகளும் பொது ஆவணமாக இருக்கின்றன. இனி இதே பொருளில் மசோதா எழுதுபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆளுநருக்குச் சாதாரணமாக 12 நாள் அவகாசம், அமர்வு இறுதியில் போய்ச் சேர்ந்தவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். அவருக்கும் தனிக் கடிதம் எழுத வேண்டும். கமிட்டிக்கு எழுதியது அவர் மேசைக்குப் போகாது.

கையெழுத்தானால் பெரும்பாலும் அடுத்த ஜனவரி 1 அன்று அமலுக்கு வரும். அவசரச் சட்டமாக மூன்றில் இரண்டு வாக்கில் நிறைவேறியிருந்தால் உடனே. உங்கள் குடும்பத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், ஜனவரியில் மசோதாவைத் திறக்காமல் சட்டத் தொகுப்பின் அந்தப் பிரிவையே திறந்து படியுங்கள். ஒரே ஆண்டில் இரண்டு மசோதாக்கள் ஒரே பிரிவைத் திருத்தியிருந்து, இரண்டையும் இணைக்கும் வாசகம் சேர்க்கப்படாமல் போயிருந்தால், சட்டமாகும்போது தரப்படும் அத்தியாய எண் பெரிதாக இருப்பதுதான் நிற்கும். மற்றதன் திருத்தம் அந்தப் பிரிவில் இருக்காது. நீதிமன்றப் படிவங்களும் புதிய சட்டத்துக்கேற்ப மாறியிருக்கலாம். படிவத்தின் அடியில் உள்ள திருத்தத் தேதியைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.